வீடறிந்து நாய் வளர்த்தல்

சங்கத்தின் பொன்விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய நான் இலக்கணத்தையோ இலக்கியத்தையோ பற்றி எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். அவற்றை எழுத என்னினும் வல்லார் பலர் நம்முள் உளர். நான் எடுத்துக்கொண்ட பொருள் நாய். அதிலுஞ் சிறப்பாக, இக்காலத்தில் நம்மவர் வீடுகளுக்கு விருப்போடு வாங்கப்பெறும் லப்றடோர் என்னும் இனத்து நாய். நகைப்பிற்கிடமான பொருளென்று தள்ளிவிடாது இறுதிவரை படிக்குமாறு அன்பர்களை வேண்டுகின்றேன். நாயைப் பற்றித் தொடங்கும் இப்பேச்சு நம் வீடுகளைப் பற்றியும், வீட்டிலே தனித்திருக்கும் முதியோரைப் பற்றியும் சில கேள்விகளை எழுப்பாது முடியாது.

நாய் நமக்குப் புதியதன்று. தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்களை வகுக்குமிடத்து, நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கின் இளமைக்கும் குருளை என்ற பெயரை உரிமையாக்கினார். புலியின் குட்டிக்கும் நாயின் குட்டிக்கும் பெயரளவில் வேற்றுமையில்லை. நாலடியார் நட்பை ஆராயுமிடத்து, பழகிய பாகனையே கொல்லும் யானையையும், தன்மேல் எறியப்பட்ட வேல் உடம்பில் நிற்கவும் வாலைக் குழைக்கும் நாயையும் அருகருகே நிறுத்தி, நாயின் இயல்புடையாரையே நட்பாகக் கொள்ளுமாறு கூறிற்று. பாரதத்திலே தருமர், தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுத் தாம் மட்டும் விண்ணுலகு புக மறுத்தார். நம் ஊர்களில் வைரவர் சூலம் இல்லாத குறிச்சி அரிது. அவருக்கு ஊர்தியும் நாயே. இத்தனையும் இருக்க, ஒருவரை வையும்போதும் அப்பெயரையே எடுக்கின்றோம்!

எனினும், நம் முற்றத்து நாய் வாழ்ந்த வாழ்வு வேறு. அது பாதி வேலிக்குள்ளும் பாதி வேலிக்கு வெளியிலுமாக வாழ்ந்தது. மிஞ்சிய சோற்றை உண்டது. மாமர நிழலில் மண்ணைப் பறித்துக் குளிர்ச்சி கண்டு உறங்கியது. ஒழுங்கையிலே தன் இனத்தோடு உலாவியது. இரவிற் குரைத்துத் தன் கடனைத் தீர்த்தது. அதற்கென நாம் நேரம் ஒதுக்கியதில்லை. அது தன் பொழுதைத் தானே ஆண்டது. இந்தப் பழக்கத்தையே மனத்திற் கொண்டு, அயல்நாட்டிலே ஒரு தொழிலுக்கென்று வகுத்து வளர்க்கப்பட்ட நாயை மதில் சூழ்ந்த வீட்டிற்குக் கொண்டுவரும்போதுதான் இடர் தொடங்குகின்றது.

லப்றடோர் என்ற பெயரே சிறிது மயக்கந் தருவது. கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள லப்றடோர் நிலப்பகுதியின் பெயரைத் தாங்கியிருப்பினும், இதன் முன்னோர் வாழ்ந்தது அதற்குத் தெற்கேயுள்ள நியூபவுண்லாந்துத் தீவிலாகும். அத்தீவின் மீனவர், குளிர்ந்த நீரில் இறங்கிக் கயிற்றையும் வலையையும் இழுத்துவரவும், தூண்டிலினின்று நழுவிய மீனைக் கவ்விவரவும் ஒருவகைக் கருநாயைப் பழக்கியிருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மீன் ஏற்றிவந்த கப்பல்களோடு அந்நாய்கள் இங்கிலாந்தின் தென்கரையை அடைந்தன. அங்கே மாம்ஸ்பரிப் பிரபுவின் குடும்பத்தாரும், ஸ்கொத்லாந்திலே பக்ளூக் கோமகனின் குடும்பத்தாரும் அவற்றைப் பேணித் தனியினமாக வளர்த்தனர். வேட்டையிலே சுட்டு வீழ்த்திய பறவையை நீரிலும் புதரிலும் தேடி, சிதையாதபடி மெல்லக் கவ்வி, தலைவன் கையிற் சேர்ப்பது அவற்றின் தொழிலாயிற்று. மீட்டு வருவது என்னும் பொருளுடைய 'றிற்றீவர்' என்ற பெயர் அத்தொழிலாலே வந்தது. 1903 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கென்னல் கழகம் இதனைத் தனியினமாக ஏற்றது. 1917 இல் அமெரிக்கக் கழகமும் ஏற்றது. அமெரிக்கக் கழகத்தின் பதிவேட்டில் 1991 முதல் 2021 வரை, முப்பத்தோராண்டுகள், முதலிடம் பெற்றிருந்தது இவ்வினமே.

இதன் உடலமைப்பை நோக்குவோர்க்கு இதன் தொழில் விளங்கும். ஆண் நாய் ஏறக்குறைய 29 முதல் 36 கிலோகிராம் வரையும், பெண் 25 முதல் 32 கிலோகிராம் வரையும் நிறையுடையது. மேலே நீர் ஒட்டாத குட்டையான மயிரும், அதன்கீழே குளிரைத் தடுக்கும் மென்மயிருமாக இரட்டைப் போர்வை உண்டு. விரல்களினிடையே தோல் படர்ந்திருக்கும். அடியிலே பருத்து நுனியிலே குறுகும் வாலை ஆங்கிலேயர் நீர்நாயின் வாலுக்கு ஒப்பிடுவர். நீந்தும்போது திசை திருப்ப உதவும் அவ்வால், வீட்டுக்குள்ளே தாழ்ந்த மேசைமேல் இருக்கும் தேநீர்க் கோப்பைகளையும் அதே ஆற்றலோடு திசை திருப்பிவிடும்! இவையாவும் நாள் முழுதும் உழைப்பதற்கென்று அமைந்தவை. தொழில் போய்விட்டது, தொழிலுக்கென்று அமைந்த உடம்பும் உள்ளமும் போகவில்லை.

ஆகையாற்றான், வளர்ந்த லப்றடோருக்கு நாடோறும் இரண்டு மணிநேரத்திற்கு மேற்பட்ட உடற்பயிற்சி வேண்டுமென்று இங்கிலாந்தின் கென்னல் கழகம் கூறுகின்றது. ஒழுங்கை முனைவரை ஒருமுறை கூட்டிச்சென்று திரும்புவது பயிற்சியாகாது. நடத்தலும், ஓடலும், எறிந்ததை எடுத்து வருதலும், சொல்லுக்குக் கீழ்ப்படியப் பழகுதலும் சேர்ந்ததே பயிற்சி. இவையில்லாதபோது அது தானே தனக்குத் தொழில் தேடும். மிதியடியைக் கடிக்கும், பூஞ்சாடியைக் கவிழ்க்கும், வாழையடியைக் கிளறும். வகுப்பிலே முதல் ஐந்து நிமிடத்திற் கணக்கைச் செய்து முடித்துவிட்டு, எஞ்சிய நேரத்தில் அடுத்த பிள்ளையின் பென்சிலை ஒளித்துவைக்கும் மாணவனை ஆசிரியர் அனைவரும் அறிவர். அவன் தீயவனல்லன், வேலையில்லாதவன். லப்றடோரும் அத்தகையதே. இரண்டு வயது கடந்தும் அதற்குக் குழந்தைக்குணம் நீங்குவதில்லை. கண்ணில்லாதார்க்கு வழிகாட்டும் அமைதியான லப்றடோரைப் படத்திலே கண்டு மயங்குவோர், அவ்வமைதி பிறப்பாலே மட்டும் வந்ததன்று, நல்லாசிரியர் பல மாதங்கள் கொடுத்த பயிற்சியாலும் வந்தது என்பதை நினைத்தல் வேண்டும்.

அடுத்தது அதன் பசி. லப்றடோர் எதனையும் உண்ணும், எப்பொழுதும் உண்ணும் என்பது உலகறிந்த செய்தி. அதற்குரிய காரணமொன்றை 2016 ஆம் ஆண்டில் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டறிந்தனர். உண்டு நிறைந்தோம் என்னும் உணர்வை மூளைக்கு அறிவிப்பதிற் பங்குகொள்ளும் மரபணுவொன்றில், லப்றடோர்களுள் ஏறக்குறைய நான்கிலொரு பங்கிற்கு ஒரு சிறு பகுதி குறைந்திருக்கின்றது. அத்தகைய நாய்கள் ஓய்ந்திருக்கும்போது செலவிடும் ஆற்றலும் மற்றவற்றினுங் குறைவென்று 2024 இல் வந்த ஆய்வு காட்டிற்று. பசியோ மிகுதி, செலவோ குறைவு; ஆகவே உடல் பருக்கின்றது. 2002 இல் வெளியான பிறிதோர் ஆய்வில், நாற்பத்தெட்டு லப்றடோர்களை இவ்விரண்டாகச் சேர்த்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதினுங் காற்பங்கு குறைவாக உணவளித்து வாழ்நாள் முழுதும் நோக்கினர். குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு. நிறைய உண்டவற்றினது 11.2 ஆண்டு. அளவாக உண்ணல் நீண்ட ஆயுளைத் தருமென்று நம் முன்னோர் மக்களுக்குச் சொன்னது நாய்க்கும் பொருந்துகின்றது.

நம் வீடுகளிலே இதனைக் கடைப்பிடித்தல் எளிதன்று. வந்தாரை உண்பித்தே பழகிய கைகள் நம்முடையவை. அப்பம்மா ஒரு துண்டு இடியப்பம், பேரன் ஒரு விசுக்கோத்து, விருந்தினர் ஒரு வடை என்று, எவரும் அறியாமலே ஒரு நாட்பொழுதில் இருமடங்கு உணவு உள்ளே போய்விடும். இதனினும் அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களுக்குப் பேர்போன விளைவுகளுள் இரண்டு, முந்திரிகைப் பழமும் சின்ன வெங்காயமுமாகும். இரண்டும் நாய்க்கு நஞ்சு. முந்திரிகை, பச்சையாயினும் வற்றலாயினும், அதன் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லது. வெங்காயம் அதன் குருதியைக் கெடுக்கும். பொங்கலுக்கும் பாயசத்திற்கும் வற்றலிட்டு, கறியெல்லாம் வெங்காயத்தோடு தாளிக்கும் வீட்டில், மிச்சத்தை நாய்க்கு இடுதல் என்ற பழைய வழக்கம் இவ்விருந்தாளிக்குப் பொருந்தாது. மரக்கறி உணவே கொள்ளும் சைவ வீட்டார்க்கு இன்னொரு தடையும் உண்டு. நாய் மாவுப்பொருளைச் சமிக்கச்செய்யும் ஆற்றலை மனிதரோடு வாழ்ந்த காலத்திற் பெற்றதென்று 2013 இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியதாயினும், சோறும் பருப்பும் மட்டும் அதற்கு நிறையுணவாகா. கால்நடை வைத்தியரைக் கேட்டு உணவை வகுத்தல் வேண்டும். இறைச்சியோ மீனோ சமைக்க வேண்டின் எங்கே, எவர் சமைப்பது என்பதை நாய் வரும் முன்னரே பேசி முடித்தல் வேண்டும். வந்த பின்னர்ப் பேசினால் அது சமையலறைப் போராகும்.

வெயிலையும் எண்ணுதல் வேண்டும். வட அத்திலாந்திக்கின் குளிர்நீருக்கென்று அமைந்த இரட்டை மயிர்ப்போர்வையோடு, சித்திரை வைகாசி மாதத்து யாழ்ப்பாணத்து நண்பகலை அது கழிக்க வேண்டியிருக்கின்றது. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்வை வருவதில்லை. நாவை நீட்டி இளைத்தே வெப்பத்தைத் தணிக்கின்றது. காற்றிலே ஈரம் மிகுந்த நாளில் அவ்வழியும் அடைபடும். ஆதலின் நடத்தற்குரிய நேரம் ஞாயிறு எழுமுன்னும் விழுந்த பின்னுமே. தார் வீதியிற் புறங்கையைச் சிறிதுநேரம் வைத்திருக்க நமக்கு இயலாதெனில், அதன் பாதத்திற்கும் அவ்வீதி ஆகாது. உண்ணி கடித்தலால் வரும் காய்ச்சலும் இந்நாட்டில் நாய்களை வருத்தும் நோய். நாடோறும் காதையும் விரலிடுக்கையும் தடவிப் பார்த்தல் வேண்டும். விசர்நோய்த் தடுப்பூசி எந்த நாய்க்கும் தவறாது போடவேண்டியது. இவற்றோடு, இடுப்பெலும்பு மூட்டும் முன்னங்கால் மூட்டும் பொருந்தாது வளரும் குறை இவ்வினத்தின் குடிவழியிலே வருவது. ஆதலின் குருளையை வாங்குவோர் அதன் தாய் தந்தையரின் மூட்டுகள் கதிர்ப்படம் எடுத்துச் சோதிக்கப்பட்டனவா என்று கேட்டல் தகும்.

இவ்வளவையும் நான் கற்றது நூலறிவுக்காகவன்று. இரண்டாண்டுகளுக்கு முன், கொழும்பில் வாழும் பழைய மாணவர் ஒருவர், தம் வீட்டு லப்றடோர் ஈன்ற குருளைகளுள் ஒன்றை எங்கள் வீட்டிற்குத் தர முன்வந்தார். அப்போது என் மகன் ஏழாந் தரத்திற் படித்துக்கொண்டிருந்தான். அவனுடைய தமக்கை பல்கலைக்கழக விடுதிக்குப் போனபின், பேச்சுக்கு ஆளின்றி இருந்தவன். செய்தியைக் கேட்ட அன்றே குருளைக்குப் பெயருஞ் சூட்டிவிட்டான். என் மனைவியும் ஆசிரியை. காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டால், இருவரும் திரும்ப இரண்டு மணியாகும். அதுவரை வீட்டிலே இருப்பவர் எழுபத்தாறு வயதான என் தாயார் ஒருவரே. அவர் கிணற்றடியில் ஒருமுறை விழுந்தெழுந்தவர், ஊன்றுகோலோடு நடப்பவர்.

முடிவெடுக்கு முன் இரண்டு செய்தோம். முதலாவதாக, மகனும் நானும் வளர்ந்த லப்றடோர் ஒன்றைப் பார்க்க நல்லூரிலே ஒரு வீட்டிற்குச் சென்றோம். ஒன்றரை வயதான நாய். படலை திறந்ததும் பாய்ந்து வந்து, தன் முன்னங்கால்களிரண்டையும் என் மார்பில் வைத்து முகத்தை நக்கியது. நான் ஓரடி பின்வாங்கித் தூணைப் பிடித்துக்கொண்டேன். அதனிடத்தே தீமையின் நிழல்கூட இல்லை, முழுதும் அன்பே. ஆயினும், அன்பு முப்பது கிலோகிராம் நிறையோடு பாய்ந்து வருமாயின், அதனைத் தாங்கும் கால்கள் வேண்டும். ஊன்றுகோலைப் பற்றிய கையொன்று என் நினைவுக்கு வந்தது. மகனும் அதனையே நினைத்தான் போலும். வழியெல்லாம் பேசாது வந்தான்.

இரண்டாவதாக, ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், நாயில்லாமலே நாய் வளர்ப்பது என்று தீர்மானித்தோம். விரதங் காப்பதுபோல் இதனைக் காத்தோம். காலையில் நாலே முக்காலுக்கு எழுந்து, கையிலே ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு மகன் ஒரு மணிநேரம் நடத்தல் வேண்டும், மாலையிலும் அவ்வாறே. நாய் மயிர் உதிரும் என்ற கணக்கில் வீட்டை இருமுறை கூட்டல் வேண்டும். உணவுக்கும் மருந்துக்கும் ஆகுமென்று வைத்தியர் சொன்ன தொகையை நான் உண்டியலில் இடுதல் வேண்டும். நாடோறும் நடந்ததை மகன் ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதுதல் வேண்டும். வெறுங்கயிற்றோடு விடியலில் நடக்கும் பிள்ளையைக் கண்ட அயலவர் என்ன நினைத்தனரோ, அறியேன், ஒருவர் மட்டும், "தம்பி, மாடு அறுத்துக்கொண்டு ஓடிவிட்டதோ?" என்று பரிவோடு கேட்டாராம்.

இதற்கிடையே என் தாயார் சொன்னதை இங்கே எழுதுதல் வேண்டும். அவரை ஒரு தடையாகவே நான் எண்ணியிருந்தேன். அவரோ தம்மைத் தடையாகக் கருதவேண்டாமென்று முதலிலேயே சொல்லிவிட்டார். "எனக்காகப் பிள்ளையின்ரை ஆசையை மறிக்காதை" என்றார். பின்னர்ச் சிறிதுநேரம் இருந்து, "ஆனால் ஒண்டு கேட்டுப்போட்டு வாங்கு. விட்டுட்டுப் போகவேண்டி வந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டார்.

அக்கேள்வியின் பொருள் எனக்கு விளங்கியது. 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் மழையிலே தென்மராட்சி நோக்கி நடந்தபோது நாங்களும் நடந்தோம். எங்கள் முற்றத்திலே ஊர்நாயொன்று இருந்தது. தாயார் அதன் சங்கிலியைக் கழற்றி, பானையில் இருந்த சோறு முழுவதையும் ஒரு தட்டத்திற் கொட்டி வைத்துவிட்டு, திரும்பிப் பாராது படலையைத் திறந்தபடியே விட்டு வந்தார். அது சந்திவரை எங்களைத் தொடர்ந்து வந்தது. சனநெருக்கத்திலே காணாமற் போயிற்று. 1996 இல் நாங்கள் திரும்பியபோது வீடு இருந்தது, நாய் இல்லை. அதன்பின் அவர் எந்த நாய்க்கும் பெயர் சொல்லி அழைத்ததை நான் கேட்டதில்லை. முப்பதாண்டளவாக அவர் வாய்திறந்து சொல்லாத ஒன்றை அன்று அக்கேள்வியாகச் சொன்னார்.

இன்று நாம் விட்டுப்போவது வேறு காரணங்களால். லப்றடோரின் ஆயுள் ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கென வாங்கும் குருளை, அவன் பல்கலைக்கழகம் புகும் வயதில் முதுமையைத் தொட்டிருக்கும். அவன் தொழில் தேடி வெளிநாடு செல்லும் வயதில், மூட்டுநோயோடு படியேற மாட்டாது கிடக்கும். அப்போது அதனைத் தூக்கி வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டியவர், தம் மூட்டுநோய்க்கே துணை தேடும் தாய் தந்தையர். பிள்ளையின் ஆசை எட்டாண்டு. நாயின் தேவை பன்னிரண்டாண்டு. எஞ்சிய நாலாண்டுக்கு விடை கண்ட பின்னரே குருளையைக் கையில் எடுத்தல் முறை.

மண்டலம் முடிந்தது. கணக்கைக் கூட்டினோம். நாற்பத்தெட்டுக் காலையில் முப்பத்தொன்பது காலை மகன் நடந்திருந்தான். அவற்றுள் ஐந்து நாள் மழையிலே குடையோடு. தவணைப் பரீட்சை நாள்களில் ஆறு காலை நான் நடந்தேன். மூன்று காலை ஒருவரும் நடக்கவில்லை. ஒரு சிறுவனுக்கு இது பெருமைக்குரிய கணக்கு. மாலைக் கணக்கோ வேறாயிற்று. கிழமையிலே நாலு நாள் அவனுக்கு ரியூசன், அது முடிந்து வர இருளும், வந்தபின் வீட்டுப்பாடம். நாற்பத்தெட்டு மாலையில் இருபத்தொரு மாலையே நடந்திருந்தான். உண்டியற் பணம் குறைவின்றிச் சேர்ந்திருந்தது. ஆக, எங்கள் வீட்டில் இல்லாதிருந்தது பணமன்று, மாலைப்பொழுது. அதனோடு, காலை ஏழு முதல் இரண்டு மணிவரையுள்ள வெறும் வீடு.

கொப்பியின் கடைசிப் பக்கத்திலே மகன் தானே முடிவுரை எழுதியிருந்தான். "நான் இருபத்தேழு மாலை நடக்கவில்லை" என்று அவன் எழுதவில்லை. "நாய் இருபத்தேழு மாலை நடக்கவில்லை" என்று எழுதியிருந்தான். அதனை என்னிடம் தந்து, "அப்பா, அது பாவம்" என்றான். தமிழாசிரியனாக எத்தனையோ கட்டுரைகளைத் திருத்தியிருக்கின்றேன். எழுவாயை இவ்வளவு பொருளறிந்து மாற்றிய வாக்கியத்தை வேறோரிடத்திற் கண்டதில்லை. அன்று மாலையே கொழும்பு அன்பருக்கு இல்லையென்று அறிவித்தோம். அவர் வருந்தவில்லை. வாங்குவோம் என்று சொன்னவர்களைக் காட்டிலும் காரணஞ் சொல்லி மறுத்தவர்களிடமே தமக்கு நம்பிக்கை மிகுந்ததென்று அவர் கூறினார். அக்குருளை பின்னர் வடமராட்சிக் கரையோரத்திலே, வீட்டோடு தொழில் செய்யும் சகோதரர் மூவர் வாழும் ஒரு குடும்பத்திற்குச் சென்றது. பொழுதுபட அது கடலில் நீந்துகின்றது. பின்னர் நன்னீரிலே குளிப்பாட்டப்படுகின்றது. பள்ளி விடுமுறையில் மகன் அங்கே போய்வருகின்றான். சாதாரண தரப் பரீட்சை முடிந்தபின் கொப்பியை மீண்டும் திறப்பதென்பது எங்களுக்குள் உடன்பாடு.

வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவ அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோளுண்டு. ஊரிலே தனித்திருக்கும் தாய் தந்தையருக்குத் துணையாகவும் காவலாகவும் இருக்கட்டுமென்று, பணம் அனுப்பி லப்றடோர்க் குட்டி வாங்கிக் கொடுப்போரை நான் அறிவேன். அவர்களுடைய அன்பை நான் ஐயுறவில்லை. ஆயினும், இந்நாய் காவலுக்கென்று பிறந்ததன்று. வேற்றாளைக் கண்டால் வாலை ஆட்டி வரவேற்பதே பெரும்பாலும் இதன் இயல்பு. எழுபது வயதினர் இருவர் விடியலிலும் மாலையிலும் ஒவ்வொரு மணிநேரம் இதனோடு நடத்தல் இயலாது. நடவாத நாய் வீட்டுக்குள்ளே பாயும். பாயும் நாய் முதியோரை வீழ்த்தும். முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால் வருவதென்னவென்று அறியாதார் இல்லை. துணை வேண்டுமென்பதே கருத்தாயின், ஐந்தாறு வயது கடந்து அமைதியடைந்த நாயொன்றை, வீட்டார் பார்த்துப் பழகிய பின்னர், நடத்திச்செல்ல ஓர் ஆளையும் ஒழுங்குசெய்து கொடுங்கள். அதுவும் இயலாதெனில், நாய்க்கென்று வைத்த பணத்தில் நாடோறும் அவர்களோடு இருந்து பேச ஒருவரை அமர்த்துங்கள். அதனினும் நன்று, நீங்களே அடிக்கடி பேசுதல்.

இனி, நாய் வாங்க எண்ணும் எவ்வீட்டாரும் தம்மைத்தாமே கேட்கவேண்டிய வினாக்களைத் தொகுத்துக் கூறுவேன். நாளிலே இரண்டு மணிநேரம் எவருடைய பொழுது? பகல் முழுதும் வீட்டிலே ஆள் உண்டா? அந்த ஆளின் கால்கள் உறுதியானவையா? உணவை அளந்து கொடுக்க எல்லாரும் உடன்படுவரா? நண்பகல் வெயிலுக்கு நிழலும், காற்றும், மாறாத நீரும் உண்டா? ஊசிக்கும் மருந்துக்கும் மாதந்தோறும் பணம் எடுத்துவைக்க இயலுமா? பன்னிரண்டாண்டு கழிந்தபின் இவ்வீட்டில் இருப்பவர் எவர்? இவ்வேழுக்கும் தயங்காது விடை சொல்லும் வீடு, லப்றடோர் என்னும் இவ்வுயிருக்குச் சாலப் பொருந்திய வீடு. அவ்வீட்டார் அதனைத் தயங்காது வாங்குக. அதனினும் களிப்புடைய தோழனைக் குழந்தைகளுக்குத் தேடித்தர இயலாது. ஒன்றுக்கேனும் விடையில்லையெனில், விடை வரும்வரை பொறுத்திருத்தலும் அவ்வுயிர்மேற் கொண்ட அன்பேயாம்.

நம் கல்லூரியில் ஒரு பிள்ளையைச் சேர்க்குமுன் வகுப்பிலே இடமுண்டா என்று பார்க்கின்றோம். இடமில்லாத வகுப்பிலே பிள்ளையை நிறுத்தி வைப்பது அப்பிள்ளைக்குச் செய்யும் நன்மையன்று. வாய்பேசாத உயிருக்கும் அந்த மரியாதையைக் கொடுப்போமாக. சங்கம் பொன்விழாக் கடந்து நூற்றாண்டு காண்க. கல்லூரி அன்னை நீடு வாழ்க.